பெரிய எண் ஏன் தோற்றது? – இணையப் பக்க அடுக்குகளைக் கற்பித்த அனுபவம்

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஒரு விதியைப் பாதி மட்டும் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் மாணவி ஒருத்தி எனக்குக் கற்றுத் தந்தாள். அந்த அனுபவத்தையும், அதன் பின் நான் வகுப்பில் பின்பற்றும் முறையையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

கண்காட்சி நாளில் நடந்தது

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக அந்த மாணவி தன் ஊர் ஏரியைப் பற்றி ஓர் இணையப் பக்கம் வடிவமைத்தாள். மேலே தலைப்புப் பட்டை; அதில் ஏரியின் வரலாறு, மழை அளவு, பறவைகள் என மூன்று பட்டியல்கள். பறவைகள் என்பதன் மேல் சுட்டியை வைத்தால், அவள் இரண்டு மாதம் காலையில் ஏரிக்கரைக்குப் போய்க் குறித்து வைத்த பறவைகளின் பெயர்கள் கீழே விரியும். அதற்குக் கீழே ஏரியின் பெரிய படம்.

விரியும் பட்டியல் படத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. முதல் பெயர் மட்டும் தெரியும். மற்றவை படத்துக்கு அடியில் போய்விடும். "சார், பட்டியல் படத்துக்குப் பின்னால போகுது" என்றாள். நான் வேறு வேலையாக இருந்தேன். "இசட்-இண்டெக்ஸ் எண்ணைப் பெருசாப் போடும்மா. பெரிய எண்தான் மேலே வரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பாடம் நடத்தும்போதும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அவள் 10 போட்டாள், 100 போட்டாள், கடைசியில் 9999 போட்டாள். பட்டியல் அசையவில்லை. கண்காட்சி தொடங்கிய பின் அவள் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கம் அழகாக இருந்தது. பறவைகள் பட்டியலைக் காணவில்லை. "எவ்வளவு பெரிய எண் போட்டும் வரல சார். எனக்குத்தான் சரியாப் போடத் தெரியலன்னு எடுத்துட்டேன்" என்றாள்.

தவறு அவளுடையது அல்ல. நான் சொன்ன விதியை நம்பி, அது பலிக்காதபோது தன்னையே குறை சொல்லிக்கொண்டு, தன் உழைப்பில் சிறந்த பகுதியை அழித்துவிட்டாள். அன்று மாலை ஆய்வகத்தில் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன்.

காரணம் என்ன?

இக்கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்பு முறையில் தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

மாணவியின் பக்கத்தில் மூன்று உறுப்புகள் இருந்தன.

1. தலைப்புப் பட்டை – பொசிஷன்: ரிலேடிவ், இசட்-இண்டெக்ஸ்: 1
2. தலைப்புப் பட்டைக்கு உள்ளே விரியும் பட்டியல் – பொசிஷன்: அப்சல்யூட், இசட்-இண்டெக்ஸ்: 9999
3. தலைப்புப் பட்டைக்கு வெளியே படம் – பொசிஷன்: ரிலேடிவ்; இசட்-இண்டெக்ஸ்: 2

9999-க்கும் 2-க்கும் போட்டி என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். உலாவி அப்படிப் பார்ப்பதில்லை. தலைப்புப் பட்டைக்கு ஓர் எண் கொடுத்தவுடன் அது தனக்கென ஓர் அடுக்குச் சூழலை உருவாக்கிக்கொள்கிறது. அதன் உள்ளே உள்ள உறுப்புகளின் எண்கள் அந்தச் சூழலுக்குள் மட்டுமே செல்லும். வெளியே நடக்கும் போட்டி தலைப்புப் பட்டைக்கும் படத்துக்கும் இடையேதான். அங்கே 1-க்கும் 2-க்கும் போட்டி, படம் வென்றது. தாய் உறுப்பு கீழே போனால் சேய் உறுப்பும் அதனுடன் கீழே போகும். சேயின் எண் 9999 ஆனாலும் 99999 ஆனாலும் நிலை மாறாது.

தீர்வு ஒரே ஓர் இலக்கம்தான். தலைப்புப் பட்டையின் எண்ணை 1-இலிருந்து 3 ஆக்கினால் போதும். பட்டியலின் எண்ணைத் தொடவே வேண்டியதில்லை.

கோப்பு அட்டைச் செயல்பாடு

இதை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது பள்ளி அலுவலக மேசையில் அடுக்கியிருந்த கோப்புகள் கண்ணில் பட்டன. மறுநாள் கணினி இல்லாமலேயே பாடத்தைத் தொடங்கினேன். முதலில், "நான் உங்களுக்குச் சொன்ன விதி பாதிதான். மீதியை இன்று சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன்.

தேவையானவை: வண்ணத் தாள்கள் ஆறு, கோப்பு அட்டைகள் இரண்டு, ஸ்கெட்ச் பேனா. ஒரு பாடவேளை போதும்.

படி 1: மூன்று வண்ணத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகும்படி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். எது மேலே? கடைசியாக வைத்தது. இணையப் பக்கத்திலும் ஒரே வகை உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், ஹெச்டிஎம்எல் கோப்பில் பின்னால் எழுதப்பட்டது மேலே வரும்.

படி 2: தாள்களில் 1, 2, 3 என்று எழுதி, சிறிய எண் அடியிலும் பெரிய எண் மேலேயும் வரும்படி அடுக்கச் சொல்லுங்கள். இதுதான் இசட்-இண்டெக்ஸ். நான் முன்பு இந்த இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவேன்.

படி 3: இப்போது கோப்பு அட்டைகளை எடுங்கள். ஒன்றின் மேல் 1 என்றும் மற்றொன்றின் மேல் 2 என்றும் எழுதுங்கள். முதல் கோப்புக்குள் 9999 என்று எழுதிய தாளையும், இரண்டாம் கோப்புக்குள் 5 என்று எழுதிய தாளையும் வையுங்கள். கோப்பு எண்படி அடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தாள் மேலே இருக்கிறது?

மாணவர்கள் ஒரு கணம் அமைதியாக இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "சார், 9999 அடியில் மாட்டிக்கிச்சு" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தச் செயல்பாடு.

படி 4: "தாளைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது. 9999 எண் தாள் மேலே வர என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கோப்பின் எண்ணை மாற்ற வேண்டும் என்ற விடையை அவர்களே சொல்வார்கள்.

படி 5: ஒரு தாளில் -1 என்று எழுதி முதல் கோப்புக்குள் வைக்கச் சொல்லுங்கள். அது கோப்பில் உள்ள மற்றத் தாள்களுக்கு அடியில் போகும். ஆனால் கோப்பின் அடி அட்டைக்குக் கீழே போகாது. அதே தாளைக் கோப்பில்லாமல் மேசையில் வைத்தால், மற்ற எல்லாத் தாள்களுக்கும் அடியில் போய்விடும். எதிர்மறை எண் கொடுத்த உறுப்பு சில வேளைகளில் தன் தாய் உறுப்பின் பின்னணி வண்ணத்துக்கும் பின்னால் சென்று மறைந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்: தாய் உறுப்பு ஒரு கோப்பாக இல்லை.

எண் கொடுக்காமலே கோப்பு உருவாகும் இடங்கள்

சில நாள் கழித்து வேறொரு மாணவன் வந்தான். "சார், நான் தலைப்புப் பட்டைக்கு எண்ணே கொடுக்கல. ஆனா அதே பிரச்சினை வருது" என்றான். அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். தலைப்புப் பட்டை சற்றே ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்காக ஒபாசிட்டி: 0.95 என்று கொடுத்திருந்தான். படத்துக்கு ரிலேடிவ் என்ற பொசிஷன் மட்டும் இருந்தது.

ஒபாசிட்டி 1-க்குக் குறைந்தால் அந்த உறுப்பு தானாகவே ஓர் அடுக்குச் சூழலாகிவிடும். அதன் மட்டம் 0. படத்தின் மட்டமும் அதுவே. இரண்டும் சமம் என்பதால் பின்னால் எழுதப்பட்ட படம் மேலே வந்தது. பட்டியல் மீண்டும் கோப்புக்குள் சிக்கிக்கொண்டது. ஒபாசிட்டியை நீக்கிவிட்டு, பின்னணி வண்ணத்தை மட்டும் ஆர்ஜிபிஏ முறையில் ஊடுருவித் தெரியும்படி கொடுத்தோம். சிக்கல் தீர்ந்தது, எழுத்துகளும் மங்காமல் தெளிவாகத் தெரிந்தன.

மாணவர்கள் அடிக்கடி பயன்படுத்தும், அடுக்குச் சூழலை உருவாக்கும் பண்புகள் இவை:

- ரிலேடிவ் அல்லது அப்சல்யூட் பொசிஷனுடன் இசட்-இண்டெக்ஸில் ஓர் எண் (0 உட்பட)
- ஃபிக்ஸ்டு, ஸ்டிக்கி ஆகிய பொசிஷன்கள் (எண் இல்லாவிட்டாலும்)
- 1-க்குக் குறைந்த ஒபாசிட்டி
- உறுப்பைச் சுழற்ற, நகர்த்த, பெரிதாக்க உதவும் டிரான்ஸ்ஃபார்ம்
- படத்தை மங்கலாக்குவது போன்ற வேலைகளுக்கான ஃபில்டர்
- ஃபிளெக்ஸ் அல்லது கிரிட் அமைப்பின் நேரடிச் சேய் உறுப்புக்கு இசட்-இண்டெக்ஸ் எண்
- ஐசொலேஷன்: ஐசொலேட்

ஒரு நுட்பத்தை இங்கே வலியுறுத்த வேண்டும். இசட்-இண்டெக்ஸ் ஆட்டோ என்பதும் 0 என்பதும் ஒன்றல்ல. ரிலேடிவ், அப்சல்யூட் உறுப்புகளில் ஆட்டோ என்றால் தாள் கோப்பில்லாமல் மேசையில் இருக்கிறது. 0 என்றால் கோப்பு உருவாகிவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் தெரிந்தாலும், சேய் உறுப்புகளின் கதி வேறு.

கடைசியாக உள்ள ஐசொலேஷன் பண்பு வேறு எந்தத் தோற்ற மாற்றமும் செய்யாது. அடுக்குச் சூழலை மட்டும் உருவாக்கும். ஒரு பகுதியின் எண்கள் வெளியே சென்று மற்றப் பகுதிகளோடு மோதக் கூடாது என்றால் இதைக் கொடுக்கலாம். படி 5-இல் பார்த்த எதிர்மறை எண் சிக்கலுக்கும், தாய் உறுப்புக்கு இதைக் கொடுப்பதே எளிய மருந்து.

ஒரு சூழலுக்குள் உலாவி வரையும் வரிசை

சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு 1998-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியானது. 2011-இல் பரிந்துரையான 2.1 பதிப்பின் பின்னிணைப்பு ஒன்றில் அடுக்கு வரிசை விரிவாகத் தரப்பட்டுள்ளது. அதன் சாரத்தை அடியிலிருந்து மேலாக இப்படிச் சொல்லலாம்:

1. சூழலை உருவாக்கிய உறுப்பின் பின்னணியும் கரையும்
2. எதிர்மறை எண் கொண்டவை
3. பொசிஷன் கொடுக்கப்படாத சாதாரணத் தொகுதிகள்
4. ஃபுளோட் கொடுக்கப்பட்டவை
5. வரியில் வரும் எழுத்துகளும் படங்களும்
6. பொசிஷன் கொடுத்து எண் கொடுக்காதவை, 0 கொண்டவை
7. 1 முதலான நேர்மறை எண் கொண்டவை

பின்னால் எழுதப்பட்ட சாதாரணத் தொகுதியை முன்னால் எழுதப்பட்ட ரிலேடிவ் உறுப்பு ஏன் மறைக்கிறது என்ற கேள்விக்கு விடை இதில் உள்ளது. ஆறாம் படி மூன்றாம் படிக்கு மேலே இருக்கிறது. இவ்வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்வார்கள்.

பிழையைக் கண்டறிய ஐந்து கேள்விகள்

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. எண்ணைக் கூட்டும் முன் கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் வரும் உருவாக்குநர் கருவி இதற்குப் போதும். அதில் ஒவ்வொரு பண்பையும் நீக்கியும் சேர்த்தும் உடனுக்குடன் பார்க்கலாம். மூலக் கோப்பு மாறாது.

முதல் கேள்வி: உறுப்பு மறைந்திருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா? தாய் உறுப்பின் விளிம்போடு கத்தரித்ததுபோல நின்றுவிட்டால், ஓவர்ஃபுளோ: ஹிடன் காரணமாக இருக்கலாம். அந்தப் பண்பை நீக்கிப் பார்க்க வேண்டும். இது அடுக்குச் சிக்கலே அல்ல. எந்த எண்ணும் இதைத் தீர்க்காது.

இரண்டாம் கேள்வி: எண் செயல்படும் நிலையில் உள்ளதா? பொசிஷன் எதுவும் கொடுக்காவிட்டால் அது ஸ்டேட்டிக். அந்நிலையில் இசட்-இண்டெக்ஸ் எண்ணுக்குப் பயன் இல்லை. ஃபிளெக்ஸ், கிரிட் அமைப்புகளின் நேரடிச் சேய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்றாம் கேள்வி: இந்த உறுப்பு எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது? சேயிலிருந்து தாய், அதன் தாய் என்று மேல்நோக்கிச் சென்று, முன்பு சொன்ன பண்புகளில் ஏதேனும் உள்ளதா என்று குறிக்க வேண்டும். மறைக்கும் உறுப்புக்கும் அவ்வாறே செய்ய வேண்டும்.

நான்காம் கேள்வி: உண்மையில் யாருக்கும் யாருக்கும் போட்டி? இரண்டு பட்டியல்களும் எந்தச் சூழலில் ஒன்றுசேர்கின்றனவோ, அந்தச் சூழலில் நேரடியாக நிற்கும் இரு உறுப்புகளே போட்டியாளர்கள். திருத்தத்தை அங்கேதான் செய்ய வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: கண்ணுக்குத் தெரிந்தும் சொடுக்க முடியவில்லையா? மேலே ஒளி ஊடுருவும் உறுப்பு ஒன்று படர்ந்திருக்கலாம். ஒபாசிட்டி 0 என்றாலும் அது சொடுக்குகளைத் தானே வாங்கிக்கொள்ளும். அந்த உறுப்பு அலங்காரத்துக்கு மட்டும் என்றால் பாய்ன்டர்-ஈவன்ட்ஸ்: நன் என்று கொடுக்கலாம்.

மாணவர்களின் பக்கங்களில் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்காம் கேள்விக்குள்ளேயே விடை கிடைத்துவிட்டது.

சிறிய எண்களே நல்லது

9999 போட்டவருக்கு அடுத்தவர் 99999 போடுவார். பெரும்பாலான உலாவிகளில் இந்த எண்ணுக்கும் 2147483647 என்ற எல்லை உண்டு. அதை எட்டினாலும் கோப்பைவிட்டு வெளியே வர முடியாது. எனவே பக்கம் வடிவமைக்கத் தொடங்கும்போதே ஒரு மட்டத் திட்டம் எழுதச் சொல்கிறேன்: உள்ளடக்கம் 1, தலைப்புப் பட்டை 10, அறிவிப்புப் பெட்டி 20. இடையில் புதிதாக ஒன்று வந்தால் சேர்க்க இடம் இருக்கும். இந்த எண்களைப் பாணித்தாளின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் மாறிகளாக எழுதிவைத்தால், பின்னர் மாற்றுவதும் எளிது.

எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டிய உரையாடல் பெட்டிக்கு இன்றைய உலாவிகளில் டயலாக் என்ற தனி உறுப்பே உள்ளது. அதை ஜாவாஸ்கிரிப்டின் ஷோமோடல் வழியாகத் திறந்தால், அது பக்கத்தின் அடுக்குகளுக்கெல்லாம் அப்பால் தனி மேலடுக்கில் வந்து நிற்கும். அதற்கு எண்ணே தேவையில்லை.

கீழ் வகுப்புகளில்

இக்கருத்து மேல்நிலை வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. விளக்கக்காட்சி மென்பொருளில் படங்களை முன்னே, பின்னே கொண்டுசெல்லும் வசதி உள்ளது. சில வடிவங்களைக் குழுவாக்கினால், அக்குழு ஒரே அடுக்காக நகரும். குழுவுக்குள் உள்ள ஒன்றை மட்டும் தனியே பிரித்து வேறொரு படத்துக்கு மேலே வைக்க முடியாது. நடுநிலை வகுப்பில் இதைச் செய்து பார்த்த மாணவருக்குப் பதினோராம் வகுப்பில் அடுக்குச் சூழல் புதிதாகத் தோன்றாது. தொடக்க வகுப்புகளில் வண்ணத் தாள் ஒட்டும்போது, "சூரியன் மலைக்குப் பின்னால் வர எதை முதலில் ஒட்ட வேண்டும்?" என்று கேட்பதே இப்பாடத்தின் முதல் படி.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா

பாடத்தின் இறுதியில் இவ்வினாவைக் கொடுக்கிறேன். அ என்ற பெட்டியின் எண் 4. அதற்குள் இ என்ற பெட்டியின் எண் 1. அ-வுக்கு வெளியே ஆ என்ற பெட்டியின் எண் 3. அதற்குள் ஈ என்ற பெட்டியின் எண் 500. நான்குக்கும் பொசிஷன் ரிலேடிவ். நான்கும் ஓரிடத்தில் சந்தித்தால் அடியிலிருந்து மேலாக என்ன வரிசையில் இருக்கும்? காரணம் கூறுக.

விடை: ஆ, ஈ, அ, இ. விடையைவிடக் காரணத்துக்கே கூடுதல் மதிப்பெண் தருகிறேன். 500 ஏன் 1-க்கு அடியில் போனது என்று சொந்தச் சொற்களில் சொல்பவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.

நிறைவாக

கோப்பு அட்டைச் செயல்பாடு முடிந்த அன்றே அந்த மாணவி தன் பக்கத்தைத் திறந்து, தலைப்புப் பட்டையின் எண்ணை 3 ஆக்கினாள். பறவைகள் பட்டியலை மறுபடி முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது; நல்லவேளையாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பட்டியல் படத்தின் மேல் விரிந்ததும், "அப்ப நான் போட்டது தப்பில்லையா சார்?" என்று கேட்டாள். "நீ போட்டது தப்பில்லம்மா, நான் சொன்னதுதான் பாதி" என்றேன்.

கண்காட்சி முடிந்துபோயிருந்தது. அதைத் திரும்பக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஒரு விதியைச் சொல்லும்போது அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை அன்று முதல் கடைப்பிடித்து வருகிறேன். விதி பலிக்காதபோது மாணவர் தன்னைச் சந்தேகிக்கும் முன் விதியைச் சந்தேகிக்கப் பழக வேண்டும். அதற்கு அவர்கள் கையில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. உங்கள் ஆய்வகத்திலும் இச்செயல்பாட்டைச் செய்து பாருங்கள். இரண்டு கோப்பு அட்டைகளும் ஆறு வண்ணத் தாள்களும் போதும்.